தெருவில் இல்லாதவர்களை எண்ணுவது எப்படி

முதல் கணக்கெடுப்பில் நான் செய்த தப்பைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன். பெரிய சாலைச் சந்திப்பு ஒன்றில் நடந்து கடப்பவர்களையும் சைக்கிளில் போகிறவர்களையும் எண்ண வேண்டும். அமுக்கினால் ஒன்று கூடும் க்ளிக்கர் கையில், அட்டை மடியில், எதிரே இருந்த கட்டடத்தின் வாசற்படியில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். கூட்டிப் பார்த்தால் கடந்தவர்கள் சொற்பம். வயதானவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 'இங்கே சாலையைக் கடக்கும் தேவை குறைவு' என்று அறிக்கை எழுதிக் கொடுத்தேன். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. எண்கள் இருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்?

இரண்டு நாள் கழித்து, அந்தப் படியில் மறந்துவிட்ட குடையை எடுக்கப் போனேன். வாசலில் ஒரு அம்மா, எழுபத்தைந்து வயதிருக்கும், வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "மூணு நாளா ஜன்னல்லேருந்து உன்னைப் பாத்துட்டே இருந்தேன். அப்படி என்னம்மா எண்ணினே?" என்றார். சொன்னேன். "அப்ப என்னை எண்ணலை" என்றார். அவருடைய தங்கை வீடு நேர் எதிர்ப்பக்கம். நடுவில் 14 மீட்டர் சாலை. நான்கு வருடமாக அவர் அந்தச் சாலையை நடந்து கடந்ததே இல்லை. பேரன் வரும்போது காரில் ஏற்றி, அடுத்த சந்திப்பு வரை போய்த் திரும்பி, எதிர்ப்பக்கம் இறக்கிவிடுவானாம். என் தாளில் அது 'ஒரு கார்' என்று பதிவாகியிருந்திருக்கும்.

நடப்பது, சைக்கிள் ஓட்டுவது, வீல்சேரில் போவது என்று இயந்திர பலம் அதிகம் இல்லாமல் நகர்கிறவர்களுக்காக ஒரு தெருவையோ ஊரையோ ஆராய நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மாணவராக இருக்கலாம், குடியிருப்போர் சங்கத்தில் இருக்கலாம், வெறும் கோபத்தில்கூட இருக்கலாம். பெரிய கருவி எதுவும் வேண்டாம். அளவெடுக்கும் டேப், ஸ்டாப்வாட்ச் உள்ள போன், ரசமட்டம், தாள், பென்சில் போதும்.

கேள்வியைச் சரியாகப் போடுங்கள்

'இந்தச் சாலைக்கு சைக்கிள் பாதை தேவையா?' என்று ஆரம்பித்தால் விடை ஏற்கெனவே சைக்கிள் ஓட்டுகிறவர்களிடமிருந்துதான் வரும். பெரும்பாலும் பயமில்லாத, உடல் வலுவுள்ள, வேகமாகப் போகிற ஆட்கள். ஆற்றில் நீந்துகிறவர்களை எண்ணிப் பாலம் தேவையில்லை என்று முடிவு கட்டுவது மாதிரி ஆகிவிடும்.

அதனால் கேள்விக்குள் ஒரு ஆளை வையுங்கள். 'பத்து வயதுப் பெண் குழந்தை பள்ளியிலிருந்து வீட்டுக்குத் தனியாக வர முடிகிறதா? முடியாவிட்டால் வழியில் எந்த இடத்தில் முடியாமல் போகிறது?' இந்தக் கேள்விக்கு ஒரு இடம், ஒரு நேரம், ஒரு காரணம் என்று விடை கிடைக்கும். நான் ஒவ்வொரு ஆய்விலும் இப்படி நான்கைந்து ஆட்களை முதலிலேயே எழுதிக்கொள்வேன்: வாக்கரோடு நடப்பவர், பார்வையில்லாதவர், இரவு வேலை முடிந்து வருகிறவர், கைக்குழந்தையையும் பையையும் சேர்த்துத் தூக்குகிறவர், சைக்கிளில் சாமான் கொண்டுபோய்ப் பிழைப்பவர். ஆய்வு முடியும்போது இவர்களில் யாரைப் பற்றி என்னிடம் ஒரு வரிகூட இல்லையோ, அங்கே வேலை பாக்கி என்று அர்த்தம்.

இருக்கிற தரவில் ஓட்டை எங்கே

வெளியே போவதற்கு முன் ஏற்கெனவே உள்ள புள்ளிவிவரங்களைப் பாருங்கள். ஆனால் ஒவ்வொன்றையும் எடுக்கும்போது 'இது யாரை விட்டுவிட்டது?' என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பயணக் கணக்கெடுப்புகள் பலவும் வேலைக்குப் போகும் பயணத்தைத்தான் கேட்கின்றன. அமெரிக்காவின் ஆண்டுக் கணக்கெடுப்பில் வேலைக்குப் போக வழக்கமாக எதைப் பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்பார்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால் அதிக தூரம் போகும் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். பதினைந்து நிமிடம் நடந்து பஸ் ஏறுகிறவர் 'பஸ்' ஆகிவிடுகிறார், அந்த நடை காணாமல் போகிறது. வேலைக்கே போகாதவருக்கு அந்தக் கேள்வியில் இடமே இல்லை.

வியன்னாவில் 1999-ல் ஒரு பகுதி மக்களிடம் எப்படிப் பயணிக்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஆண்கள் பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் எழுதி முடித்துவிட்டார்கள்: காலையில் வேலைக்கு, மாலையில் வீட்டுக்கு. பெண்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். குழந்தையைப் பள்ளியில் விட்டு, டாக்டரிடம் போய், அம்மாவைப் பார்த்து, சாமான் வாங்கி, மறுபடி பள்ளிக்கு. இப்படிப் பிறரைப் பார்த்துக்கொள்வதற்காகப் போகும் பயணங்களுக்கு ஸ்பெயினைச் சேர்ந்த இனெஸ் சான்செஸ் டி மாதரியாகா 'பராமரிப்புப் பயணம்' என்று பெயரிட்டு, தனித்தனியே சிதறிக் கிடப்பதை ஒரே தலைப்பில் கூட்டிக் காட்ட வேண்டும் என்றார். உங்கள் படிவத்திலும் அப்படி ஒரு தலைப்பு இருக்கட்டும். இல்லாவிட்டால் அவை 'கடைக்கு', 'மற்றவை', 'பொழுதுபோக்கு' என்று உடைந்துபோய் எதுவுமே பெரிதாகத் தெரியாது.

விபத்துக் கணக்கு இன்னும் மோசம். உலக சுகாதார நிறுவனத்தின் 2023 அறிக்கைப்படி சாலையில் வருடத்துக்கு 11.9 லட்சம் பேர் சாகிறார்கள். அதில் பாதிக்கு மேல் நடப்பவர்கள், சைக்கிளில் போகிறவர்கள், மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள். சரி, இது இறந்தவர்களின் கணக்கு. உடைந்த நடைபாதையில் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்? பெரும்பாலான நாடுகளில் வாகனம் சம்பந்தப்படாத விழுகை சாலை விபத்தாகவே பதிவாகாது. போலீஸ் பதிவை மட்டும் பார்க்காமல், முடிந்தால் எலும்பு முறிவுப் பிரிவில் வேலை செய்கிறவர்களிடமும் பேசுங்கள். எந்தத் தெருவிலிருந்து அதிகம் பேர் வருகிறார்கள் என்று நர்ஸ்களுக்கு நன்றாகத் தெரியும். ஸ்வீடனின் கார்ல்ஸ்கூகா என்ற ஊரில் பனி அள்ளும் வரிசையை மாற்றியதற்குப் பின்னால் இருந்ததும் 'யாரை விட்டுவிட்டோம்?' என்ற இதே கேள்விதான். முதலில் பெரிய சாலைகள், கடைசியில் நடைபாதைகள் என்றிருந்ததைத் திருப்பி, குழந்தைகள் காப்பகத்துக்குப் போகும் வழியையும் நடைபாதையையும் முதலில் அள்ளினார்கள். கொட்டிய பனியில் கார் எப்படியோ ஓடிவிடும், குழந்தை வண்டியைத் தள்ள முடியாது.

உடற்பயிற்சி ஆப்களின் வண்ண வரைபடங்களைப் பார்த்து மயங்காதீர்கள். அவை தன் ஓட்டத்தைத் தானே பதிவு செய்துகொள்கிறவர்களின் படம். பிழைப்புக்காக சைக்கிள் மிதிப்பவர் வீட்டுக்குப் போய்ப் பட்டனை அமுக்கி எத்தனை கலோரி என்று பார்ப்பதில்லை.

டேப்பும் ஸ்டாப்வாட்சும்

என் பிரியமான பகுதி இது, கொஞ்சம் நீளும்.

சிக்னலில் ஆரம்பியுங்கள். நடப்பவருக்குப் பச்சை விழுந்த நொடியிலிருந்து வண்டிகள் கிளம்பும் நொடி வரை ஸ்டாப்வாட்சில் அளக்க வேண்டும். ஒரு தடவை போதாது. காலை, மதியம், இரவு என்று பத்துத் தடவையாவது பாருங்கள், பல சிக்னல்களில் நேரத்துக்கு நேரம் மாறும். பிறகு சாலையின் அகலத்தை அளங்கள். போக்குவரத்தை நிறுத்த முடியாது, அதனால் வெறிச்சோடிய நேரத்தில் துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு செய்யுங்கள். பொறியாளர்கள் வெகுகாலமாக ஒரு நொடிக்கு 1.2 மீட்டர் நடை என்று வைத்துக் கணக்குப் போட்டார்கள். அமெரிக்காவின் விதிமுறையில் 2009-ல்தான் இதைச் சுமார் 1.07 ஆகக் குறைத்தார்கள். 14 மீட்டர் சாலைக்கு 1.2 என்று வைத்தால் 12 நொடிக்குள் கடந்துவிடலாம். நொடிக்கு 0.8 மீட்டர் நடக்கிறவருக்கு 17.5 நொடி ஆகும்.

அந்த அம்மாவின் சந்திப்புக்குத் திரும்பிப் போய் அளந்தேன். 14 நொடி இருந்தது. அவரையும் சம்மதம் கேட்டுக் கூட்டிப் போய், வண்டியே இல்லாத கட்டட முற்றத்தில் அதே 14 மீட்டரைச் சாக்பீஸால் கோடு போட்டு நடக்கச் சொன்னேன். 19 நொடி. அதில் முதல் ஒன்றரை நொடி வாக்கரை நகர்த்தத் தயாராவதற்கே போனது. பத்தாவது மீட்டரில் சிக்னல் மாறியிருக்கும், சாலை நடுவில் நிற்க மேடையும் கிடையாது. 'தேவை குறைவு' என்று நான் எழுதியதற்குப் பின்னால் இருந்தது இந்த ஐந்து நொடி. எந்தக் கூட்டத்திலும் இதைப் போல ஒரு எண்ணைக் காட்டினால் வாதம் சுருங்கிவிடும்: நேரத்தைக் கூட்டுவீர்களா, நடுவில் மேடை கட்டுவீர்களா, சாலையை ஒடுக்குவீர்களா?

அப்புறம் நடைபாதை. வரைபடத்தில் உள்ள அகலத்தை எழுதிக்கொண்டு வராதீர்கள். கம்பம், மின்பெட்டி, மரம், நிறுத்தி வைத்த வண்டி எல்லாம் போக மிச்சமிருக்கும் மிகக் குறுகிய இடத்தை அளங்கள். ஒரு வீல்சேர் போக 90 சென்டிமீட்டர் வேண்டும், இரண்டு எதிரெதிரே கடக்க 1.8 மீட்டர் வேண்டும். 200 மீட்டர் நடைபாதையில் 199 மீட்டர் அருமையாக இருந்து ஒரே ஒரு இடத்தில் 70 சென்டிமீட்டர் என்றால், வீல்சேரில் வருகிறவருக்கு அந்த நடைபாதை முழுவதுமே இல்லை. சராசரி அகலம் என்று ஒரு எண்ணைப் போட்டு அறிக்கை எழுதுகிறவர்கள் மேல் எனக்குத் தனிக் கோபம் உண்டு.

நடைபாதை விளிம்பில் இறங்கும் சரிவையும் பாருங்கள். பொதுவான விதி 1-க்கு 12. விளிம்பு 15 சென்டிமீட்டர் உயரம் என்றால் சரிவு 180 சென்டிமீட்டர் நீளமாவது இருக்க வேண்டும். 60 சென்டிமீட்டரில் முடித்து வைத்திருந்தால் அது சறுக்குமரம். அடுத்தது, யாரும் அளக்காத ஒன்று: குறுக்குச் சரிவு. மழைநீர் ஓடுவதற்காக நடைபாதை சாலைப்பக்கம் சாய்ந்திருக்கும். 2 சதவீதத்துக்கு மேல் போனால் வீல்சேர் சாலையை நோக்கி இழுக்கும், தள்ளுகிறவர் ஒரு கையாலேயே முழு பலத்தையும் கொடுக்க வேண்டியிருக்கும். ஒரு மீட்டர் நீளச் சட்டத்தைக் குறுக்காக வைத்து, மேலே ரசமட்டத்தை வைத்து, தாழ்ந்த முனையைத் தூக்கிச் சமன் செய்யுங்கள். அடியில் இருக்கும் இடைவெளி 2 சென்டிமீட்டர் என்றால் 2 சதவீதம். முழங்கால் அறுவைக்குப் பிறகு ஆறு வாரம் ஊன்றுகோலோடு திரிந்தபோதுதான் இது எனக்கு உறைத்தது. அதுவரை அதைப் படித்திருந்தேன், அவ்வளவுதான்.

பார்வையில்லாதவர்களுக்கான புடைப்புக் கற்களை ஜப்பானின் செய்யிச்சி மியாகே கண்டுபிடித்தார், 1967-ல் ஒகயாமாவில் முதன்முதலாகப் பதித்தார்கள். நீளக் கோடு இருந்தால் போகலாம், புள்ளிகள் இருந்தால் நிற்க வேண்டும். அந்தக் கோட்டின் மேலேயே கடைசி வரை நடந்து பாருங்கள். கம்பத்தில் போய் முடிகிறதா, வெறும் சுவரில் முடிகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். சிரிப்பும் வரும், வயிற்றெரிச்சலும் வரும்.

எண்ணுவது

இப்போது எண்ணலாம். தாளில் வெறுமனே 'நடப்பவர்' என்று ஒரு பத்தி போடாதீர்கள். குழந்தை தனியாக, குழந்தை பெரியவரோடு, பெண், ஆண், வயதானவர், துணைக்கருவியோடு வருகிறவர், சுமையோடு வருகிறவர் என்று பிரியுங்கள். ஆளைப் பார்த்து ஊகித்துத்தான் போடுகிறோம், தப்பு வரும். அதனால் இரண்டு பேர் தனித்தனியாக ஒரு மணி நேரம் எண்ணி ஒப்பிட்டுப் பாருங்கள். சைக்கிளில் போகிறவர் சாலையில் போகிறாரா, நடைபாதையில் ஏறுகிறாரா, எதிர்த்திசையில் வருகிறாரா என்றும் போடுங்கள். எதிர்த்திசையில் வருகிறவரை ஒழுக்கமில்லாதவர் என்று எழுதிவிட்டால் ஆய்வு அங்கேயே முடிந்துவிடும். நேர்வழியில் போனால் எத்தனை மீட்டர் சுற்ற வேண்டும் என்று அளந்தால் காரணம் கையில் கிடைக்கும்.

வேலை நாள், விடுமுறை நாள், மழை நாள், இருட்டிய பிறகு என்று எண்ணுங்கள். பகலில் மூன்றில் ஒருவராக இருந்த பெண்கள் இருட்டியதும் பத்தில் ஒருவராகிவிட்டால் தெருவிளக்கைப் பார்க்க வேண்டும். எரிகிறதா என்பதோடு, எதன் மேல் எரிகிறது என்றும் பாருங்கள். பல விளக்குகள் சாலைக்குத்தான் வெளிச்சம் போடும், நடைபாதை மரநிழலில் கிடக்கும்.

வியன்னாவில் பூங்காக்களை இப்படிப் பிரித்து எண்ணியபோதுதான் பத்து வயதை ஒட்டிப் பெண் குழந்தைகள் பூங்காவுக்கு வருவதை நிறுத்திவிடுவது தெரிந்தது. மொத்த எண்ணிக்கையில் அது தெரிந்திருக்காது. பையன்கள் இடத்தை நிரப்பியிருந்தார்கள். பிறகு சில பூங்காக்களில் ஒரே பெரிய மைதானத்தை உடைத்துச் சின்னச் சின்ன இடங்களாக்கி, பாதைகளைச் சேர்த்ததும் பெண் பிள்ளைகள் திரும்ப வந்தார்கள்.

வராதவர்களை நேராகப் பார்க்க ஒரு வழியும் உண்டு. ஆபத்தைச் சில மணி நேரம் எடுத்துவிட்டு யார் வெளியே வருகிறார்கள் என்று பாருங்கள். பொகோடாவில் 1974-லிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் சாலைகளை வண்டிகளுக்கு மூடுகிறார்கள். இன்று காலை 7 முதல் பிற்பகல் 2 வரை, 120 கிலோமீட்டருக்கு மேல். உங்கள் தெரு ஏதாவது விழாவுக்கோ பழுதுக்கோ அரை நாள் மூடப்பட்டால் க்ளிக்கரை எடுத்துக்கொண்டு ஓடுங்கள். அன்றைய எண்ணையும் சாதாரண நாள் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

ஆட்களிடம் போவது

கருத்துக் கேட்புக் கூட்டம் போட்டால் வருகிறவர்கள் யார்? நேரம் உள்ளவர்கள், மைக்கைக் கண்டு பயப்படாதவர்கள், வண்டி நிறுத்த இடம் வேண்டுமென்பவர்கள். ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969-ல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வரைந்தார். அதில் கருத்துக் கேட்பு கீழிருந்து நான்காவது படிதான், ஒப்புக்குச் செய்கிறவற்றின் கணக்கில் வருகிறது. ஆட்கள் ஏற்கெனவே காத்திருக்கும் இடத்துக்கு நீங்கள் போங்கள்: பஸ் நிறுத்தம், பள்ளி வாசல், மருத்துவமனை வரிசை, வேலை மாறும் நேரத்தில் தொழிற்சாலைக் கதவு. ஒரு மணி நேரம் ஒருவரோடு பேசினால் அந்த நேரத்துக்குப் பணம் கொடுங்கள். உங்கள் சம்பளத்துக்கு நீங்கள் கூச்சப்படுவதில்லையே.

'என்ன வேண்டும்?' என்று கேட்காதீர்கள். 'நேற்று எங்கெல்லாம் போனீர்கள், காலையிலிருந்து சொல்லுங்கள்' என்று கேளுங்கள். பிறகு, 'போக நினைத்துப் போகாமல் விட்டது எது?' இந்த இரண்டாவது கேள்விதான் தங்கச் சுரங்கம். நேரம் இருந்தால் கூடவே நடந்து போங்கள். ஒருவர் எந்த இடத்தில் பையை மறுகைக்கு மாற்றுகிறார், எங்கே பேச்சை நிறுத்திவிட்டு வேகமாக நடக்கிறார் என்பதை எந்தப் படிவமும் சொல்லாது. குழந்தைகளிடம் கேமராவைக் கொடுத்துப் பிடிக்காத இடங்களைப் படமெடுத்து வரச் சொல்லலாம். முகம், வீட்டு எண் எதுவும் வெளியே போகக்கூடாது, பெற்றோர் சம்மதம் எழுத்தில் இருக்க வேண்டும்.

அந்த இடத்தின் பழைய கதையைத் தெரிந்துகொள்ளாமல் போகாதீர்கள். அமெரிக்காவின் போர்ட்லாந்தில் நார்த் வில்லியம்ஸ் அவென்யூவில் சைக்கிள் பாதையை அகலப்படுத்தும் திட்டம் 2011-ல் பெரிய சர்ச்சையானது. காலங்காலமாகக் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதி. அரங்கமும் நெடுஞ்சாலையும் கட்டுவதற்காக ஏற்கெனவே அவர்களின் வீடுகளை இடித்திருந்தார்கள். பாதுகாப்பு வேண்டுமென்று நாங்கள் பல வருடம் கேட்டபோது அசையாதவர்கள், வெள்ளையர்கள் சைக்கிளில் வர ஆரம்பித்ததும் ஏன் ஓடி வருகிறீர்கள் என்று அந்த மக்கள் கேட்டார்கள். வரைபடத்தில் அது வெறும் ஒரு கோடு. பாதை வந்தபின் வாடகை ஏறினால் யார் கிளம்ப வேண்டியிருக்கும் என்பதையும் உங்கள் கேள்விகளில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தாளில் கொண்டுவருவது

பஸ் நிறுத்தத்தைச் சுற்றி 400 மீட்டர் வட்டம் போட்டு, உள்ளே இருக்கிற எல்லோருக்கும் ஐந்து நிமிட நடை என்று சொல்லிவிடும் பழக்கம் ஒன்று உண்டு. வட்டம் பறவைகளுக்குத்தான். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தெரு வரைபடத் தரவையும், வரைபடம் போட உதவும் க்யூஜிஐஎஸ் மென்பொருளையும் வைத்து, தெரு வழியாக 400 மீட்டர் எதுவரை எட்டுகிறது என்று வரையுங்கள். பிறகு நீங்கள் அளந்த தடைகளை, அதாவது 70 சென்டிமீட்டர் இடுக்கு, 14 நொடி சிக்னல், எரியாத விளக்கு ஆகியவற்றை, வழி அடைப்பு என்று குறித்து, வாக்கரோடு வருகிறவருக்காக இன்னொரு முறை வரையுங்கள். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்தால் நீங்கள் பேசவே வேண்டாம். நான் பார்த்த ஒரு நிறுத்தத்தில் இரண்டாவது படம் முதல் படத்தில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை.

போக்குவரத்துக் கணக்கில் வராத இழப்பையும் எழுத முடியும். டொனால்ட் ஆப்பிள்யார்ட் சான் பிரான்சிஸ்கோவில் ஒரே மாதிரியான மூன்று தெருக்களை ஒப்பிட்டு 1972-ல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு 2,000 வண்டி போகும் தெருவில் ஒருவருக்குத் தெருவிலேயே சராசரியாக 3 நண்பர்கள். 16,000 வண்டி போகும் தெருவில் 0.9. அவர் பயன்படுத்திய கருவி இன்றும் நமக்குப் போதும். தெருவின் படத்தைக் கொடுத்து, 'இதில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் வீடு எது எது, கோடு போட்டுக் காட்டுங்கள்' என்று கேட்பது. எதிர்ப்பக்கத்துக்கு எத்தனை கோடு போகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

முடிவை முதலில் பேசியவர்களிடமே கொண்டுபோய் ஒரு பக்கத்தில், அவர்கள் மொழியில், பெரிய எழுத்தில் காட்டுங்கள். தப்பென்றால் திருத்துவார்கள். நான் 'சாலையைக் கடக்க அஞ்சுகிறார்' என்று எழுதியதை அந்த அம்மா அடித்துவிட்டார். "பயமெல்லாம் இல்லை. நேரம் பத்தலை, அவ்வளவுதான். அதை எழுது" என்றார்.

பழைய தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள். எண்ணிய தேதி, மணி, வானிலை, உட்கார்ந்த இடம் எல்லாம் எழுதி வையுங்கள். ஏதாவது மாற்றம் நடந்தால் அதே மாதத்தில், அதே கிழமையில், அதே படியில் உட்கார்ந்து மறுபடி எண்ண வேண்டியிருக்கும். அந்தச் சிக்னலை இப்போது 21 நொடியாக்கியிருக்கிறார்கள். அடுத்த மாதம் போகிறேன், இந்தத் தடவை குடையை மறக்காமல்.